இரண்டரை இன்ச் பட்டையும் நடு மடிப்பும்

குயில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற விரிப்பு) தைக்க ஆரம்பித்த யாரோடு பேசினாலும் கொஞ்ச நாளில் ஒரே புலம்பல்தான் வருகிறது. "ரோட்டரி கட்டர் வாங்கியாச்சு, மேட் வாங்கியாச்சு, பெரிய ஸ்கேலும் வாங்கியாச்சு, ஆனா பட்டையை விரிச்சுப் பார்த்தா நடுவுல வளைஞ்சு நிக்குதுக்கா." (ரோட்டரி கட்டர் என்றால் சக்கரம் மாதிரி உருளுகிற கத்தி, மேட் அதற்கு அடியில் போடுகிற விரிப்பு, பட்டை என்றால் குயில்ட்டுக்காகத் துணியில் வெட்டுகிற நீளத் துண்டு.) காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: பிளேடு சரியில்லை, மேட் மட்டமானது, எனக்குக் கை நடுங்குகிறது. அநேகமாக மூன்றுமே இல்லை. அந்த நடு மடிப்புதான்.

கணக்கு எளிது. 44 பன்னா துணியை, அதாவது 44 இன்ச் அகலத் துணியை, கரையோடு கரை (நெய்தபோதே இரண்டு பக்கமும் முடிந்து வருகிற ஓரம்) சேர்த்து மடித்தால் 22 இன்ச் வரும். மடிப்புக்கு மூலைமட்டமாக (செங்கோணத்தில்) வெட்டினால் விரித்ததும் பட்டை நேராக நிற்கும். வெட்டு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் போதும், கரையிலிருந்து மடிப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய மூன்று நூல் விலகிவிடும், விரித்துப் பார்த்தால் அந்த மூன்று நூலும் நடுவில் முழங்கை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். (நூல் என்றால் நம் டெய்லர்களும் ஆசாரிகளும் சொல்கிற நூல்தான், இன்ச்சுக்கு எட்டு.) மேட்டில் இடம் பற்றவில்லை என்று துணியை நாலாக மடித்து வெட்டுகிறவர்களுக்கு ஒரு வளைவுக்குப் பதில் மூன்று வளைவு. இதில் கத்தி எவ்வளவு கூராக இருந்து என்ன பிரயோஜனம்?

ஆகவே முதலில் மடிப்பு. துணியின் இரண்டு கரைகளையும் சேர்த்து இரண்டு கையாலும் பிடித்து, மார்பு உயரத்துக்குத் தூக்கி, மடிப்பு கீழே தொங்கும்படி விடுங்கள். மடிப்புக்குப் பக்கத்தில் சாய்வாகச் சுருக்கம் விழுந்தால் மேலே ஒரு கரையை மட்டும் கொஞ்சம் இடதுபக்கமோ வலதுபக்கமோ நகர்த்துங்கள், சுருக்கம் மறைந்து துணி தட்டையாகத் தொங்குகிற ஒரு இடம் வரும். அதுதான் சரியான மடிப்பு. அப்போது கடைக்காரர் வெட்டிக் கொடுத்த ஓரங்கள் ஒன்றோடொன்று சேராமல் கோணலாக நிற்கும், சில சமயம் இரண்டு இன்ச் வரை வித்தியாசம் வரும், அதைப் பார்த்துப் பதறி ஓரங்களைச் சேர்த்து வைத்து மடிக்கக் கூடாது. எல்லாரும் அங்கேதான் சறுக்குகிறார்கள். கரை இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

இங்கே கடையில் துணி வாங்கும்போது நடக்கிற ஒரு வாக்குவாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை கோடவுன் தெருவில் காட்டன் வாங்கப் போனால் பல கடைகளில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து, பர்ரென்று கிழித்துத்தான் தருவார்கள். "அண்ணே, கிழிக்காதீங்க, வெட்டிக் கொடுங்க" என்றால் "கிழிச்சாத்தாம்மா நேரா வரும், வெட்டினா கோணலாப் போகும்" என்பார். அவர் சொல்வது சரிதான். சாதாரண நெசவில் கிழிசல் ஊடை நூலை (குறுக்கே ஓடுகிற நூலை) ஒட்டியே ஓடும், வேறு பக்கம் போக அதற்கு வழியில்லை. கத்திரி மனிதன் கையில் இருப்பது, அது எங்கே வேண்டுமானாலும் போகும். வெட்டித் தந்த ஒரு மீட்டரில் ஓரத்தைச் சரிசெய்யவே ஒன்றரை இன்ச் போய்விடும், கிழித்துத் தந்ததில் அந்த நஷ்டம் குறைவு. அதனால் கடையில் நான் கிழிக்கிற கட்சி.

வீட்டுக்கு வந்தால் கட்சி மாறிவிடுவேன். கிழித்த ஓரத்தை உற்றுப் பார்த்தால், அதை ஒட்டிய கால் இன்ச் பகுதியில் நூல்கள் இழுபட்டு ஓரம் அலை அலையாக நிற்கும். குயில்ட்டில் தையல் விழுவதும் அதே கால் இன்ச்சில்தான். பெரிய விரிப்பின் ஓரத்துக்கு ஆறு இன்ச் அகலப் பட்டை வேண்டுமென்றால் கிழித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. இரண்டரை இன்ச் பட்டையைக் கிழித்து எடுத்தால் இரண்டு பக்கமும் அலைந்த ஓரம், நடுவில் கொஞ்சம் நல்ல துணி, அவ்வளவுதான் கிடைக்கும்.

பிரிண்ட் போட்ட துணியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நூல் நேராக இருக்கும், அதன் மேல் அச்சிட்ட கோடு சாய்ந்திருக்கும். கட்டமோ கோடோ அச்சிட்ட துணி என்றால் வாங்கும்போதே கரையிலிருந்து கரைக்கு ஒரு கோட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள், அது ஊடை நூலோடு போகாமல் சாய்ந்து ஏறினால் அந்தத் துணியை வைத்துவிட்டு வந்துவிடலாம், ஏனென்றால் நூலைப் பார்த்து வெட்டினால் பிரிண்ட் கோணலாகத் தெரியும், பிரிண்ட்டைப் பார்த்து வெட்டினால் பட்டை இழுபடும். நம் ஊர் மெட்ராஸ் செக்ஸில் இந்தத் தொல்லை கிடையாது. நூலுக்குச் சாயம் போட்டு நெய்த கட்டம் அது, கோடே நூல், நூலே கோடு, பின்பக்கமும் அப்படியே தெரியும். பட்டை வெட்டிப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது என்பேன், தப்பு நடந்தால் உடனே கண்ணில் படும். சாயம் போகுமா என்று மட்டும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டுமா என்று கேட்டால், நம் கடைகளில் வாங்குகிற காட்டனுக்கு ஆமாம். சில துணி சுருங்கும், சிலது சுருங்காது, இரண்டையும் ஒரே குயில்ட்டில் வைத்துத் தைத்து முதல் சலவைக்குப் போட்டால் பட்டைகள் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளும். துவைத்த துணி கோணலாக இழுத்துக்கொண்டு நின்றால், பாதி ஈரத்தில் எதிர் மூலைகளை இரண்டு பேர் பிடித்து இழுத்து நேராக்கலாம். எங்கள் வீட்டில் இதற்கு மாமியார்தான். "ஏம்மா, இவ்ளோ இழுத்தா கிழிஞ்சிடாதா?" என்று கேட்டுக்கொண்டே என்னைவிட வேகமாக இழுப்பார்.

அப்புறம் கஞ்சி. துவண்ட துணி கத்திக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகும், மல்மல் எல்லாம் கேட்கவே வேண்டாம். சாதம் வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து வடிகட்டிப் போட்டாலும் சரி, கடையில் விற்கிற ஸ்டார்ச் என்றாலும் சரி, துணி காகிதம் மாதிரி மொடமொடவென்று ஆகும்வரை போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். வெட்டிய பிறகு கஞ்சி போடுவது வேலைக்கு ஆகாது, ஈரமும் சூடும் பட்டபின் அளவு மாறும். இஸ்திரிப் பெட்டியையும் சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். கஞ்சி போட்ட துணியை அலமாரியில் சேர்த்துவைக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. இந்த வாரம் வெட்டப்போவதற்கு மட்டும் கஞ்சி போதும்.

சாமான்களில் எதற்குப் பணம் செலவழிக்கலாம்? என் தீர்ப்பு: ஸ்கேலுக்கு. ஆறு இன்ச் அகலம், 24 இன்ச் நீளம், சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அக்ரிலிக் ஸ்கேல், அதில் எட்டில் ஒரு இன்ச் வரை கோடு இருக்க வேண்டும். டெய்லர் கடையில் இருக்கிற ஸ்டீல் ஸ்கேலை வைத்து ரோட்டரி கட்டர் ஓட்டாதீர்கள். அது மெல்லிசு என்பதால் பிளேடு சட்டென்று மேலே ஏறி விரலுக்கு வரும், உரசினால் பிளேடும் போகும், கீழே இருக்கிற துணியும் தெரியாது. இன்ச் டேப் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, பழைய டேப் எல்லாம் இழுபட்டு நீண்டிருக்கும். பெயர்ப்பலகை செய்கிற கடையில் அக்ரிலிக் துண்டை லேசரில் வெட்டி வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் ஸ்கேல் வெறும் பிளாஸ்டிக் துண்டு இல்லை, அதன் கோடுகள்தான் ஸ்கேல். கோடு அரை நூல் தள்ளி விழுந்திருந்தால் அது எல்லாப் பட்டையிலும் விழும்.

எந்த ஸ்கேல் வாங்கினாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். குறுக்குக் கோட்டை ஒரு நேரான ஓரத்தில் பொருத்தி, பக்கவாட்டில் பென்சில் கோடு போடுங்கள். ஸ்கேலை அப்படியே புரட்டி அதே ஓரத்தில் பொருத்திப் பாருங்கள். பென்சில் கோட்டோடு சேர்ந்தால் மூலைமட்டம் சரி, விரிந்து போனால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு குயில்ட்டை ஆரம்பித்த ஸ்கேலிலேயே முடிக்கவும் வேண்டும், இரண்டு கம்பெனி ஸ்கேல்கள் மயிரிழை வித்தியாசத்தில் இருப்பது சகஜம். எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி கொஞ்சம் கூடுதலாக இருந்தால் குயில்ட் ஒன்றும் கெட்டுப்போகாது, கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான். பாதி கூடுதல், பாதி குறைச்சல் என்றால்தான் தலைவலி. எட்டுப் பட்டை சேர்கிற இடத்தில் ஒவ்வொன்றிலும் அரை நூல் கூடினால் கடைசியில் அரை இன்ச் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்து பிளாக்கோடு (அதேபோல் சேர்த்துத் தைத்த சதுரத்தோடு) எப்படிச் சேர்ப்பீர்கள்?

ஸ்கேலின் கோட்டுக்கே ஒரு கனம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். துணியின் ஓரம் கோட்டுக்கு அடியில் மறைந்திருக்கிறதா, கோட்டைத் தொட்டு வெளியே நிற்கிறதா? எது உங்கள் வழக்கமோ அதைக் கடைசி பட்டைவரை மாற்றாதீர்கள். ஸ்கேல் வழுக்கினால் அடியில் உப்புத்தாளைச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டால் போதும், விலை கொடுத்து ஸ்டிக்கர் எல்லாம் வாங்க வேண்டியதில்லை.

மேட்டில் ஏ2 அளவுதான் என் சிபாரிசு. நீளம் ஏறக்குறைய 24 இன்ச் என்பதால் 44 பன்னா துணியின் ஒரு மடிப்பு அதில் அடங்கும், நாலாக மடிக்கிற தேவையே வராது. ஏ3 விலை குறைவு, ஆனால் 36 பன்னா துணிக்கே அதில் மூச்சு முட்டும். மேட்டில் அச்சிட்ட கட்டங்களை நம்பி அளக்க வேண்டாம். துணியை வைத்ததும் பாதி கோடு மறைந்துவிடும், மிச்சத்தைச் சாய்ந்து பார்க்கிறோம், ஒரு பக்கம் மேட்டின் கோடு, ஒரு பக்கம் ஸ்கேலின் கோடு என்று கலந்து அளந்தால் இரண்டின் பிழையும் சேரும். நான் மேட்டைத் திருப்பிப்போட்டு, கட்டம் இல்லாத பக்கத்தில்தான் வெட்டுகிறேன். சென்னையில் மேட்டுக்கு இன்னொரு எதிரி வெயில். மொட்டை மாடி அறை, மேற்கு பார்த்த ஜன்னல், நிறுத்திவைத்த கார், இதில் எங்கே விட்டாலும் வளைந்துவிடும், ஒருமுறை வளைந்தது பழையபடி தட்டையாவது அபூர்வம். கட்டிலுக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். மேட்டின் மேல் இஸ்திரி போடவே கூடாது.

கட்டருக்கு 45 மில்லிமீட்டர் போதும். ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979இல் இந்த உருளும் கத்தியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அட்டையில் அளவு வெட்டி, துணிமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு துண்டாகக் கத்தரித்துத்தான் குயில்ட் தைத்தார்கள், அப்படித் தைத்தவையும் நூல் பிடித்தாற்போல் இருக்கத்தான் செய்தன. ரோட்டரி கட்டர் வாங்க இப்போது வசதிப்படவில்லை என்றால் நூல் உருவுகிற முறை இருக்கிறது. அளவில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, ஒரே ஒரு ஊடை நூலை ஊசி முனையால் தூக்கி மெதுவாக இழுத்தால், அது போன தடம் கோடாகத் தெரியும், அதன் மேலேயே கத்திரி போடலாம். கைத்தறியில் சுகமாக வரும். பாப்ளினில் நூல் அறுந்து அறுந்து பொறுமையைச் சோதிக்கும்.

வெட்டுகிற நேரத்துக்கு வருவோம். உட்கார்ந்துகொண்டு, அதுவும் தரையில் உட்கார்ந்துகொண்டு, பட்டை வெட்டாதீர்கள். கண் ஸ்கேலுக்கு நேர் மேலே வராது, தோளின் பலமும் கைக்கு வராது. பிளாட்டில் தனி மேசைக்கு எங்கே போவது என்றால் சமையல் மேடை இருக்கிறது, அந்த கிரானைட் மேடையின் உயரம் இதற்கென்றே செய்த மாதிரி அமையும். ஈரம் துடைத்து, மேட்டைப் போட்டு, ஃபேனை நிறுத்துங்கள். மே மாதத்தில் ஃபேனை நிறுத்து என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ஆனால் மேலே இருக்கிற அடுக்கு ஒரு நூல் பறந்தால் போச்சு. அதனால் காலை ஆறு மணிக்கு வெட்டு, மத்தியானம் ஃபேன் போட்டுத் தையல் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

முதல் ஓரம் எடுக்க இரண்டு ஸ்கேல் வேண்டும். மடிப்பு உங்கள் பக்கம் இருக்கட்டும். சதுர ஸ்கேலின் அடிக்கோட்டை மடிப்போடு பொருத்தி, அதன் பக்கத்தில் நீள ஸ்கேலை ஒட்டி வைத்து, நீள ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சதுரத்தை எடுத்துவிட்டு, இப்போது வெட்டுங்கள். அந்த ஓரம் மடிப்புக்குச் சரியான மூலைமட்டம். அதிலிருந்து இரண்டரை இரண்டரையாக அளந்துகொண்டே போகலாம், ஆனால் மூன்று நாலு பட்டைக்கு ஒருமுறை ஸ்கேலின் குறுக்குக் கோடு மடிப்போடு சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேராது. ஒவ்வொரு வெட்டிலும் மயிரிழை நகர்ந்து நகர்ந்து அதற்குள் சாய்ந்திருக்கும். கால் இன்ச் துணி வீணானால் ஆகட்டும் என்று ஓரத்தை மறுபடி சரிசெய்துவிட்டுத் தொடருங்கள். அந்தக் கால் இன்ச்சுக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் கடைசியில் முழுப் பட்டைகளையே தூக்கிப் போடுகிறார்கள்.

கட்டர் எப்போதும் உடம்பை விட்டு விலகிப் போக வேண்டும். பிளேடு ஸ்கேலை ஒட்டி, செங்குத்தாக. சாய்த்துப் பிடித்தால் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் அகலம் மாறும். இடது கையை ஸ்கேலின் நடுவில் பரத்தி வைத்து, சுண்டுவிரலை மட்டும் ஸ்கேலுக்கு வெளியே, வெட்டாத பக்கத்தில் ஊன்றிக்கொண்டால் ஸ்கேல் நகராது. ஏழெட்டு இன்ச் வெட்டியதும் கட்டரைத் தூக்காமல் நிறுத்தி, இடது கையை மேலே நகர்த்தி, மறுபடி வெட்டுங்கள். ஒரே மூச்சில் 22 இன்ச்சும் ஓட்டப் பார்த்தால் ஸ்கேலின் மேல்முனை விலகும். நாலு அடுக்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு பிளேடை மூடுங்கள், பக்கத்தில் போன் அடித்தாலும் மூடிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பிளேடு போய்விட்டதா என்று தெரிய ஒரு வழி. வெட்டிய கோட்டில் அங்கங்கே நூல் அறுபடாமல் நிற்கிறது என்றால், அந்த இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ஒவ்வொரு ஐந்தரை இன்ச்சுக்கும் ஒருமுறை நின்றால் பிளேடில் ஓரிடத்தில் சில்லு விழுந்திருக்கிறது, 45 மில்லிமீட்டர் பிளேடு ஒரு சுற்று வருகிற தூரம் அதுதான், குண்டூசி மேல் ஏறியிருக்கும். ஒழுங்கில்லாமல் அங்கேயும் இங்கேயும் நின்றால் மேட்டில் பள்ளம், அல்லது பிளேடுக்குப் பின்னால் பஞ்சு அடைத்திருக்கிறது. கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டுப் பாருங்கள், புது பிளேடு செலவு மிச்சமாகலாம்.

எத்தனை பட்டை வரும் என்று கேட்பவர்களுக்கு: ஒரு மீட்டர் 39 இன்ச்சும் கொஞ்சமும், ஓரம் சரிசெய்தது போக இரண்டரை இன்ச்சில் அதிகபட்சம் 15 பட்டை எடுக்கலாம். கரையை நீக்கிய 44 பன்னாவில் ஒரு பட்டைக்கு 16 சதுரம், 36 பன்னாவில் 13. தைத்ததும் ஒவ்வொரு சதுரமும் இரண்டு இன்ச்சாகத் தெரியும். ஜெல்லி ரோல் என்று சுருட்டி விற்கிற ரெடிமேட் பட்டைகள் வாங்கினால் ஓரம் பல் பல்லாக இருக்கும். இரண்டரை இன்ச் என்பது பல்லின் நுனியிலிருந்தா பள்ளத்திலிருந்தா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், தைப்பதற்கு முன் ஒன்றை அளந்துவிடுங்கள்.

நேராக வெட்டிய பட்டையைத் தையலில் வளைக்கவும் முடியும். பல பட்டைகளைச் சேர்க்கும்போது எல்லாத் தையலையும் ஒரே பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் மொத்தமும் ஒருபக்கமாக வளையும், ஒன்றை மேலிருந்து, அடுத்ததைக் கீழிருந்து தைத்தால் அது வராது. சேர்த்ததைக் குறுக்கே வெட்டும்போது ஸ்கேலின் கோட்டைத் துணியின் ஓரத்தில் வைக்காமல் நடுத் தையலின் மேல் வையுங்கள். டெய்லர் கடையிலிருந்து வாங்கிவந்த வெட்டுத்துணியில் கரையே இருக்காது, அதில் பாவு (நீளவாக்கு நூல்) எது ஊடை எது என்று இழுத்துப் பார்த்து, குறைவாக இழுபடுகிற பக்கத்தைப் பட்டையின் நீளமாக வைத்துக்கொள்ளலாம். கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக வெட்டிய பட்டை கைபட்டாலே நீளும், வளைவான ஓரத்துக்குப் பைண்டிங் (ஓரப்பட்டி) வைக்க மட்டும் அதை எடுத்துவையுங்கள்.

பழைய பிளேடை அப்படியே குப்பையில் போட வேண்டாம், காகிதத்தில் சுற்றிப் போட்டாலும் அது கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஒரு பழைய தகர டப்பாவில் சேர்த்துவையுங்கள். நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே பெரிதாகப் பிளேடு என்று எழுதி, குப்பை வண்டியில் வருகிற அக்கா கையில் "இதுல பிளேடு இருக்குக்கா, பார்த்து" என்று சொல்லியே கொடுங்கள்.